கவர் பிரிக்காத சாவி

"ரெண்டாவது சாவியைக் காட்டுங்க சார்" என்றேன்.

பல் டாக்டரின் வாய் திறந்தபடியே நின்றது. ஊரில் மற்றவர்களை அப்படி உட்காரவைத்துப் பிழைப்பவர். தனக்கே அது நேர்ந்ததும் எப்படி மூடுவது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

பக்கத்தில் இருந்த அகராதி அண்ணன் என் காலை மெதுவாக மிதித்தார். மிதிக்கக் காரணம் இருந்தது. எங்கள் டிடெக்டிவ் ஏஜென்சியின் முதலாளி, ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர், காலையில்தான் மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"டாக்டர் தன் காரை ஆன்லைன்ல ஏலத்துக்கு விட்டிருக்கார். எவனோ ஒருத்தன் கண்ணுமண்ணு தெரியாம ஏத்திக் கேட்டுக்கிட்டே இருக்கான். அவன் யாரு, எங்க இருக்கான், சாயங்காலம் ஏலம் முடியறதுக்குள்ள எனக்குத் தெரியணும். வேலை அவ்வளவுதான். அங்க போய் சாவி கீவின்னு எதையும் கேட்டு வைக்காதே. புரிஞ்சுதா?"

புரிந்தது. ஆனால் கேட்காதே என்றால் கேட்காமல் இருக்க எனக்கு வராது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். 'பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு?' என்ற ஒவ்வொருவரிடமும் 'ஏன், போனா என்ன?' என்று திருப்பிக் கேட்டுத்தான் மிதித்தேன். அது ஒன்று. இன்னொன்று, அந்தக் 'கீவி' காலையிலிருந்து செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது.

"நீங்க ஆளைக் கண்டுபிடிக்க வந்தீங்களா, வண்டி வாங்க வந்தீங்களா?" என்றார் டாக்டர்.

"வண்டி வாங்க வசதி இல்ல சார். ஆளைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம் குடுக்கறாங்க" என்றார் அகராதி அண்ணன்.

இவர் வாய் இப்படித்தான். முன்பு பழைய கார் புரோக்கராக இருந்தவர். வாங்க வந்தவனையும் விற்க வந்தவனையும் ஒரே வாயால் கிண்டல் செய்து தொழிலைத் தொலைத்தார். 'அகராதி பிடிச்ச ஆளு' என்று யாரோ திட்டியது பெயராக ஒட்டிக்கொண்டது. என்னை அவர் 'பட்டதாரி' என்பார். பாராட்டா, நக்கலா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ரெண்டாவது சாவியெல்லாம் இப்ப வீட்ல இல்லம்மா" என்றார் டாக்டர்.

"ஏன் இல்ல? பீரோலதானே இருக்கு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. குரலுக்குப் பின்னால் டாக்டரின் மனைவி வந்தார். கையில் சாவி.

சாவி என்றால் வெறும் சாவி இல்லை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. கவரின் வாயில் ஸ்டேப்ளர் பின் அடித்து, அதன்மேல் ஷோரூம் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஸ்டிக்கரில் ஒரு சுருக்கம் கூட இல்லை.

"வாங்கின அன்னிக்குக் குடுத்தது குடுத்தபடி இருக்கு பாருங்க. இவரோட சாவி ஒண்ணே போதும்னு இதை நான் தொடவே விடல. எங்க வீட்ல எதையும் கவர் பிரிக்கிற பழக்கம் இல்ல."

அது பார்த்தாலே தெரிந்தது. டிவி ரிமோட் கவருக்குள் இருந்தது. சோபாவும் கவருக்குள்தான், நான் அசையும்போதெல்லாம் கீச்சென்று முனகியது. மனிதர்கள் மட்டும்தான் அந்த வீட்டில் கவர் இல்லாமல் நடமாடினார்கள்.

டாக்டர் சாவியை வாங்கக் கையை நீட்டினார். அதற்குள் படியில் நர்ஸின் குரல். "சார், பேஷண்டுக்கு மரத்துப்போச்சு சார். இப்பப் பிடுங்கலைன்னா மறுபடி ஊசி போடணும்." கிளினிக் கீழ்த்தளத்தில்தான். டாக்டர் மனைவியைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அதை உள்ள கொண்டுபோய் வை" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

"பீரோல எதுக்கும்மா வைக்கிறீங்க?" என்றார் அகராதி அண்ணன், போனவரின் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும். "நான் இந்தத் தொழில்ல இருந்தவன். கவர் பிரிக்காத சாவியோட ஒரு பழைய வண்டியைக் கண்ணால கண்டதில்ல. ஒரு போட்டோ போட்டுப் பாருங்க, கேக்கிறவன் மண்டை கிறுகிறுத்துடும்."

அந்தம்மாவின் முகம் மலர்ந்தது. சாவியைக் கவரோடு சோபாமேல் வைத்து, நிழல் விழாமல் தள்ளி நின்று, போனில் படம் எடுத்தார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அடியில் எழுதினார்: 'வாங்கிய நாள் முதல் கவர் பிரிக்காத இரண்டாவது சாவி.' ஏலப் பக்கத்தில் ஏற்றியும் விட்டார்.

"விளம்பரம் எழுதினதும் நீங்கதானா?" என்றேன்.

"பின்னே? இவருக்கு ஏது நேரம்? வண்டியை வித்துடுன்னு மட்டும் சொன்னார். படிச்சுப் பாரு."

படித்தேன். 'ஒரே கை வண்டி. சொந்தக்காரர் மட்டுமே ஓட்டியது. டிரைவர் கை பட்டதே இல்லை.'

"அதென்ன ஒரே கை?"

"ஒரே ஆள் ஓட்டினதுன்னு அர்த்தம், பட்டதாரி" என்றார் அகராதி அண்ணன். "டிரைவர் ஓட்டின வண்டின்னு தெரிஞ்சா எவனும் ஏத்திக் கேக்க மாட்டான்."

"ஏன், டிரைவருக்கு இருக்கிறது கை இல்லையா?"

எனக்கு முகம் சுட்டது. அந்தம்மா அதைக் கவனிக்கவில்லை. "கிளினிக் வேனுக்கு ஒரு டிரைவர் இருந்தார். அவரை நான் இந்தக் காரைத் துடைக்கக்கூட விட்டதில்ல. இப்ப அவரும் இல்ல. வேனைக் கொண்டுபோய் யார்மேலயோ ஏத்திட்டு ஜெயில்ல இருக்கார். பாவம்" என்றார். பாவம் என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் சாவிக் கவரைத் துடைத்தார்.

"முன் பம்பர் மட்டும் புதுசா இருக்கேம்மா?" அகராதி அண்ணன் போட்டோக்களைத் தள்ளிக்கொண்டே கேட்டார்.

"கேட்ல இடிச்சுட்டாராம். நானும் பாப்பாவும் அப்ப எங்கம்மா வீட்ல இருந்தோம். இல்லைன்னா விட்டிருப்பேனா?"

ஏலம் கேட்கிற ஆளுக்கு வந்தேன். 'மழைநாள்' என்று புனைபெயர் வைத்துக்கொண்ட ஆள். ஏலப் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். 'இடது பின்கதவுக் கண்ணாடி இன்னும் பாதியிலேயே நிற்கிறதா?' அந்தம்மா கீழே பதில் போட்டிருந்தார்: 'சரி செய்தாகிவிட்டது.'

"இந்தக் கண்ணாடி கோளாறை விளம்பரத்துல எழுதியிருந்தீங்களா?"

"குறையை யாராவது எழுதுவாங்களா?"

"அப்ப 'இன்னும்'னு எப்படிக் கேக்கிறாங்க? முன்னாடி பார்த்தவங்கதானே இன்னும்னு கேக்க முடியும்? அந்த சீட்ல யார் உக்காருவாங்க?"

அந்தம்மா யோசித்தார். "யாரும் இல்ல. நானும் பாப்பாவும் முன்னாடிதான். மழை வந்தா மட்டும் டியூஷன் டீச்சரை வீட்ல விடுவோம். அவளை அங்க உக்கார வைப்பேன். கால்ல சேறு இருக்கும்ல, கீழ பேப்பர் விரிச்சு."

மழைநாள்.

"யார் அந்த டீச்சர்?"

"அந்த வேன் டிரைவர் பொண்ணுதான். காலேஜ் படிக்கிறா. கணக்குல சூரப்புலி. அப்பன் உள்ள போனதுலேர்ந்து வரதில்ல."

வெளியே வரும்போது கேட்டைப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லை.

"முதலாளிக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சது. மத்தியானச் சாப்பாட்டை வீட்ல போய்ச் சாப்பிடலாம்" என்றார் அகராதி அண்ணன்.

"வேன் இடிச்சு அப்பா ஜெயிலுக்குப் போயிருக்கார். பொண்ணு காரை ஏத்திக் கேக்கிறா. உங்களுக்குப் பசிக்குதா அண்ணே?"

"இப்பப் போச்சு" என்றார்.

அந்தப் பெண்ணின் வீடு லாண்டரிக் கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே இஸ்திரி போடும் சூடு தரை வழியாக ஏறியது. கதவைத் திறந்தவள் எங்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை. சார்ஜர் வயரோடு சேர்ந்து நின்று போனில் ஏதோ தட்டிவிட்டு, மூச்சு விட்டபிறகுதான் பார்த்தாள்.

"யாருக்கா?"

"ஏலத்துல கேக்கிற உன்னைத் தேடி வந்தவங்க" என்றேன். மறைத்துப் பேசத் தோன்றவில்லை. "டாக்டர் அனுப்பினார்."

கதவை மூடப் பார்த்தாள். அகராதி அண்ணன் செருப்பை இடையில் வைத்தார். "மூடினா என் கால் போயிடும் தங்கச்சி. அப்புறம் என்னையும் இந்த அக்காதான் தூக்கிட்டுப் போகணும். இவங்களுக்குக் கோபம் வரும்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் மூடவும் இல்லை.

"ஜெயிச்சா வாங்கப் போறியா?" என்றேன்.

"எதை வச்சுக்கா? ஏலம் முடியப் போற நேரத்துல யாராவது ஏத்திக் கேட்டா கொஞ்ச நேரம் கூட்டிக் குடுப்பாங்க. அதான் கேட்டுக்கிட்டே இருக்கேன். எவ்வளவு தள்ளிப்போகுதோ அவ்வளவு."

"அந்த வண்டில என்ன இருக்கு?"

"தெரியாதுக்கா." போனை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா அது எங்கயோ போயிட்டா அப்புறம் எதுவுமே இருக்காதுன்னு தெரியும். ரோட்டைத் தாண்டின தையல்காரரை அந்தக் கார்தான் இடிச்சுது. அவர் செத்துட்டார்."

"கார்தானா? வேன் இல்ல?"

"வேன் அன்னிக்கு ஒர்க்‌ஷாப்ல நின்னுச்சு. வேன்னு டாக்டர் வீட்ல மட்டும்தான் சொல்லி வச்சிருக்கார். போலீஸ்ல என்ன சொன்னார் தெரியுமா? அவர் சாவி அவர் பாக்கெட்லயே இருந்துச்சாம். ரெண்டாவது சாவி எப்பவும் எங்கப்பாகிட்டதான் இருக்குமாம். அதைப் போட்டு எடுத்துட்டுப் போய் இடிச்சுட்டாராம்."

அகராதி அண்ணன் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் நான் முதல்முறையாக எந்த நக்கலையும் பார்க்கவில்லை.

"அப்பா என்ன சொன்னார்?"

"ஆமான்னுட்டார். ஒத்துக்கிட்டவர்கிட்ட சாவி எங்கன்னு எவன் கேப்பான்? என் படிப்பு முடியறவரைக்கும் டாக்டர் பார்த்துக்குவாராம். ஜெயில்ல பார்க்கப் போனப்ப சொன்னார், 'நீ வாயைத் திறக்காம பரீட்சையை மட்டும் எழுது'ன்னு." அவள் போனை இறுக்கினாள். "நான் கேட்டேனாக்கா? எனக்காக இதைச் செய்யுங்கன்னு நான் கேட்டேனா?"

கையில் இருந்த போன் அதிர்ந்தது. பதறிப்போய்ப் பார்த்தாள். யாரும் ஏற்றிக் கேட்டிருக்கவில்லை. "ஏதோ புது போட்டோ போட்டாங்க. யாரோ கேள்வி கேட்டாங்க போல, அதுக்குப் பதில் வந்திருக்கு" என்று அலட்சியமாகத் தள்ளப் போனாள்.

"தள்ளாதே" என்றேன். "படி."

படித்தாள். 'நிஜமாகவே பிரிக்கவில்லையா?' என்று யாரோ கேட்டிருக்க, அந்தம்மா எழுதியிருந்தார்: 'சத்தியமாக. ஒருநாள் கூட பீரோவை விட்டு வெளியே போனதில்லை.'

அந்தப் பெண் கணக்கில் சூரப்புலிதான். நாங்கள் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "பிரிக்காத சாவி எங்கப்பாகிட்ட எப்படிக்கா வந்திருக்கும்?" என்றாள்.

நல்ல சேதி சொன்ன மாதிரி எனக்கு இல்லை. "நல்லா யோசிச்சுக்க. இது வெளிய வந்தா உன் படிப்புக்கு டாக்டர் ஒண்ணும் செய்ய மாட்டார். பொய்யா ஒத்துக்கிட்டதுக்கு அப்பாவையும் கேப்பாங்க. அவர் உன்கூட பேசாமலே போகலாம்."

கீழே இஸ்திரிப் பெட்டி தண்ணீரில் பட்டுச் சீறியது.

"பட்டம் வாங்கறப்ப நான் கறுப்பு அங்கி போட்டுக்கிட்டு மேடையில நிக்கணும்" என்றாள். "அன்னிக்கு எங்கப்பா எந்த உடுப்புல நிப்பார்க்கா?"

எனக்குப் பட்டம் கொடுத்த நாளில் என் அப்பா கடைசி வரிசையில், இரவல் சட்டையில், கைதட்டத் தெரியாமல் நின்றார். அந்தச் சட்டையின் நிறம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நான் அவளிடம் அதைச் சொல்லவில்லை.

"அப்பாவுக்கு வக்கீல் யாராவது இருக்காங்களா?"

"இலவச வக்கீலம்மா ஒருத்தங்க. வெறும் வாயை வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது, ஏதாவது கொண்டு வான்னாங்க."

அவளிடம் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டு இறங்கினேன். படியில் நின்றுவிட்டேன்.

"அண்ணே, நாம எதுக்குப் போனோம்?"

"ஏலம் கேக்கிற ஆளைப் பார்க்க."

"அதுல சாவி எங்க வந்துச்சு?"

அகராதி அண்ணன் தலையைச் சொறிந்தார். "முதலாளிதான் சாவி கீவின்னு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

கடன்காரன் கதவைத் தட்டும் முன்பே 'நான் வீட்ல இல்ல' என்று குரல் கொடுத்தவனைப் போல, யாரும் நினைக்காத சாவியை முதலாளியே எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

ஆபீஸில் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. கையில் இருந்ததைப் பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றேன். அகராதி அண்ணன் கதவோரம் நின்றார்.

"ஆள் யாரு?" என்றார் முதலாளி.

"ஏன் சார் என்னைச் சாவி கேக்க வேணாம்னீங்க?"

"டாக்டர் போன் பண்ணினார். கேட்டியாமே." அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "உக்காரும்மா."

நான் உட்காரவில்லை.

"டாக்டர் கெட்டவர் இல்ல. வேனை எடுத்துக்கிட்டு ஸ்கூல் ஸ்கூலாப் போய் ஓசியில பல்லு பார்க்கிறவர். ஒரு நொடி கை தவறிடுச்சு."

"ஒரே கை வண்டி சார் அது. அந்தம்மாவே எழுதியிருக்காங்க. தவறினதும் அந்த ஒரு கைதான். உள்ள இருக்கிறது வேற கை."

"பேசு பேசு. டிகிரி பேசுது." மேஜைக்கு மேல் குனிந்தார். "அந்த டிரைவரை யாரும் அடிச்சு ஒத்துக்க வைக்கல. அவரா தலையாட்டினார். அந்தப் பொண்ணு படிப்பைப் பார்த்துக்கணும்னு டாக்டர்கிட்டப் பேசினதே நான்தான். ஏன் தெரியுமா? தினம் உன்னைப் பார்க்கிறேன்ல. உன்னை மாதிரி இன்னொண்ணு கரையேறட்டும்னுதான்."

என்னை வைத்தே கணக்குப் போட்டிருக்கிறார். அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் கத்தியிருப்பேன். அவர் நிஜமாகவே அப்படி நினைத்தார்.

"இப்ப அந்த ஏலம் கேக்கிறவன் பேரைச் சொல்லு. சாவியை மறந்துடு. அந்தக் கவரை டாக்டர் இந்நேரம் கிழிச்சுப் போட்டிருப்பார்."

"கிழிக்கட்டும் சார்" என்றார் கதவோரம் இருந்த அகராதி அண்ணன். "போட்டோ போட்டாச்சு."

"எந்தப் போட்டோ?"

"கவரோட சாவி. அந்தம்மாவே எடுத்து, அவங்களே எழுதி, சத்தியமும் பண்ணியிருக்காங்க. ரேட்டு ஏறும்னு நான்தான் யோசனை சொன்னேன். நல்லா ஏறிடுச்சு சார்."

முதலாளி போனை எடுத்து ஏலப் பக்கத்தைத் திறந்தார். பார்த்தார். விரலால் படத்தைப் பெரிதாக்கினார். பின் அடித்த கவரும் சுருங்காத ஸ்டிக்கரும் அவர் கண்ணாடியில் தெரிந்தன.

"எடுக்கச் சொல்றேன்."

"ஏலம் கேக்கிற எல்லாருக்கும் போயிருக்கு" என்றேன்.

சொல்லும்போது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்தம்மா ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியது நினைவுக்கு வந்தது. ஒன்றுமே தெரியாமல், வண்டியைப் பற்றிய பெருமையில், புருஷனைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். நாங்கள்தான் எழுதவைத்தோம். மழை வந்தால் பாப்பாவை இனி யார் எந்த வண்டியில் கூட்டி வருவார்களோ.

"எத்தனை குடும்பம் தெருவுக்கு வரும்னு யோசிச்சியா?" என்றார் முதலாளி.

"ஒரு குடும்பம் ஏற்கெனவே தெருவுலதான் சார் இருக்கு. தையல்காரர் வீட்டையும் சேர்த்தா ரெண்டு."

"இந்த வேலையை விட்டா உனக்கு எவன் வேலை குடுப்பான்? உங்க வீட்ல உலை எப்படிக் கொதிக்கும்?"

அதை யோசித்துக்கொண்டு நிற்க நேரம் இல்லை. வக்கீலம்மாவின் ஆபீஸ் வாசலில் போய் நில், நான் வந்து சாட்சி சொல்கிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுத்தான் இங்கே படியேறியிருந்தேன்.

கதவைத் திறந்தேன். அகராதி அண்ணன் வழிவிட்டார். பின்னாலேயே வருகிறாரா, நிற்கிறாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"போறதா இருந்தா ஆபீஸ் சாவியை வச்சுட்டுப் போ!" முதலாளி கத்தினார்.

"உள்ள வந்ததுமே வச்சுட்டேன் சார். பேனா ஸ்டாண்டு பக்கத்துல பாருங்க" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினேன்.